செங் வீட்டுக் கம்பிக் கதவும் என் வெள்ளிக்கிழமையும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று மூன்று தடவை ருசி பார்க்கிற ஆள் நான். ஆகவே தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை மகள் செல்வி முசிறியில் டீச்சராக இருக்கிறாள். அவளும் கூட வேலை பார்க்கிறவர்களும் சேர்ந்து மாதம் ஒரு சிறு பத்திரிகை போடுகிறார்களாம். "பெரியம்மா, வெளிநாடு போயி அம்பது வருஷம் ஆச்சே, அதைப் பத்தி எழுதுங்க" என்றாள். கூச்சமாக இருந்தது. நாலு பேர் படிக்கிற இடத்தில் என் பேர் வருவதா என்று இரண்டு மாதம் ஓட்டினேன். அவள் விடவில்லை.

வெளிநாடு என்றால் ஊரில் என்னென்னவோ நினைக்கிறார்கள். தங்கை வீடியோ போனில் வரும்போதெல்லாம் "அக்கா, கேமராவை வெளியே காட்டு, ஊரைப் பாக்கணும்" என்பாள். காட்டுவேன். முதலில் கம்பிக் கதவு தெரியும். அதற்கு அந்தப் பக்கம் இரும்பு கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ரோடு, எதிர்வீட்டுக்காரர் துணி போட்டு மூடி வைத்திருக்கும் கார், ஒரு பப்பாளி மரம். "இதுதானா மலேசியா?" என்பாள். "எனக்கு இதுதான்" என்பேன். அவள் சிரிப்பாள். நான் வேடிக்கைக்காகச் சொல்வதில்லை.

மலாக்காவில் செங் என்று ஓர் இடம். தொழிற்சாலைகள் நிறைய. அவற்றுக்குப் பக்கத்திலேயே வரிசை வரிசையாக வீடுகள் கட்டி அதைத் தாமான் என்பார்கள். அப்படி ஒரு தாமானில் என் மகள் கோமதியின் வீடு. மருமகன் மோகன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கோமதி வீட்டு ஹாலிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். இங்கே அதற்குத் தாஸ்கா என்று பெயர். தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள், கைக்குழந்தையிலிருந்து நாலு வயது வரை, விடிந்ததும் வந்து சேரும். சாயங்காலம் போகும்.

குழந்தைகள் ரோட்டுக்கு ஓடிவிடக்கூடாது என்று கம்பிக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். அது சட்டமும்கூட. சாவி கோமதியின் கழுத்தில் தாலிக்கொடியோடு சேர்ந்து தொங்குகிறது. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கதவுக்கு இந்தப் பக்கம்தான். யாரும் என்னை அடைத்து வைக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் வேறு மாதிரி பேசுவார்கள். கதவைத் திறக்கச் சொன்னால் திறப்பாள். ஆனால் ஒரு கையில் பால் புட்டி, இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று என்று நிற்கிறவளிடம், "கொஞ்சம் வெளியே நின்னுட்டு வரேன், திற" என்று எத்தனை தடவை கேட்க முடியும்? நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

2

எழுதியே தீரவேண்டும் என்று தோன்றியது ஒரு சின்ன விஷயத்தால்தான்.

ஒருநாள் காலையில் லோகேஸ்வரி தன் மகள் தாரணியை விட வந்தாள். லோகேஸ்வரி தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண், வாய் கொஞ்சம் அதிகம், பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' போடுவாள், நல்ல பெண். கதவுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன பாட்டி, நேத்து ரெண்டு மணி நேரம் தூங்கினீங்களாமே? எனக்கெல்லாம் அந்தக் குடுப்பினை இல்ல லா."

"உனக்கு யாரு சொன்னது?"

"கோமதி டீச்சர்தான் குரூப்ல போட்டிருந்தாங்க. வயிறு கிளியர்னும் போட்டிருந்தாங்க. கவலைப்படாதீங்க, என் வீட்டுக்காரர்கிட்ட நான் காட்டல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தால் கோமதி முகம் சிவந்துபோய் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். தினமும் சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளை என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரம் தூங்கியது, வெளிக்குப் போனதா, அழுததா என்று பெற்றோர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்புவாள். அது அவள் தொழில் முறை. அதே கையோடு, சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் சேகருக்கும் ஒரு செய்தி போய்க்கொண்டிருந்திருக்கிறது. என்னைப் பற்றி. "அம்மா இன்னிக்கு நல்லா சாப்பிட்டாங்க. மதியம் ரெண்டு மணி நேரம் தூக்கம். வயிறு கிளியர். மூட் ஓகே." கூடவே ஒரு படம், பிள்ளைகளுக்கு நடுவில் பாயில் நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற படம். அன்றைக்கு அவசரத்தில் சேகருக்குப் போகவேண்டியது பெற்றோர்கள் குரூப்புக்குப் போய்விட்டது. எல்லாரும் சிரிப்புப் பொம்மை அனுப்பியிருக்கிறார்கள். ஒரு தகப்பன், "டீச்சர், இது புது அட்மிஷனா?" என்று கேட்டிருக்கிறான்.

எனக்கும் சிரிப்பு வந்தது. பொய் சொல்லவில்லை, முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சோறு இறங்கவில்லை.

"அண்ணன் தினம் கேக்குறாரும்மா" என்றாள் கோமதி. "போன் பண்ண டைம் இல்ல அவருக்கு. அதான் பிள்ளைங்களுக்கு அனுப்புற மாதிரியே அனுப்பிடுறது. சுலபமா இருக்குன்னு."

"அவன் என்ன பதில் போடுவான்?"

"தம்ஸ் அப் போடுவாரு."

கட்டைவிரல் படம். என் மகன் எனக்காக அனுப்புகிறது அதுதான். அவனைக் குறை சொல்லவில்லை. அங்கே அவனுக்கு வேலை அப்படி. அவன் பிள்ளைகள் என்னோடு பேசினால் மூன்றாவது வார்த்தைக்கு மேல் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தையும் வராது. "ஹாய் பாட்டி" என்பார்கள், "நல்லாயிருக்கியா சாமி" என்பேன், பிறகு இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு நிற்போம். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் வலிக்க ஆரம்பிக்கும்.

3

இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று கோமதி ஒரு வகுப்புக்குப் போய்வந்தாள். சனி, ஞாயிறுகளில் நடந்தது. மனிதன் பிறந்ததிலிருந்து சாகும்வரை மனசு எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். பரீட்சைக்காக அதை அடுப்படியில் என்னிடம் ஒப்பித்துப் பார்ப்பாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பேன்.

"எட்டுப் படிம்மா. ஒவ்வொரு படியிலயும் மனசுக்குள்ள ஒரு இழுபறி இருக்கும். அது ஒரு மாதிரி தீர்ந்தாத்தான் அடுத்த படி ஒழுங்கா இருக்கும்."

எனக்கு ஞாபகம் இருக்கிற அளவில் எழுதுகிறேன். முதல் படி கைக்குழந்தை. பசித்து அழுதால் ஆள் வருவார்களா, வரமாட்டார்களா என்று அது இந்த உலகத்தை நம்பக் கற்றுக்கொள்கிறது. இரண்டாவது, நடக்கிற வயது. எல்லாம் நானே செய்வேன் என்கிற படி. மூன்றாவதில் விளையாட்டு, தானாக ஒன்றைத் தொடங்குவது. நான்காவது பள்ளிக்கூட வயது, ஒரு வேலையைச் செய்துகாட்டி நல்ல பேர் வாங்குவது. ஐந்தாவது வயசுப் பிள்ளைகள், நான் யார் என்று கேட்டுக்கொள்வது. ஆறாவது ஒருத்தரோடு ஒருத்தர் மனசு சேர்வது. ஏழாவது நடுவயது, பெற்றதையும் மற்றதையும் வளர்த்து ஆளாக்குவது. எட்டாவது என்னைப் போன்றவர்கள். திரும்பிப் பார்த்து, சரி, நடந்ததெல்லாம் நடந்ததுதான், நல்லபடியாகத்தான் இருந்தது என்று மனசு அடங்குவது. அடங்காவிட்டால் கசந்துபோவது.

இரண்டாவது படி என்னவென்று எனக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. தாரணிக்கு இரண்டு வயது. ஸ்பூனை நாம் பிடித்தால் பிடுங்கிக்கொண்டு "செண்டிரி, செண்டிரி" என்று கத்தும். மலாயில் 'நானே செய்வேன்' என்று அர்த்தம். பாதிச் சோறு தலையில் கொட்டும். கோமதி கோபப்படமாட்டாள். "விடுங்கம்மா, அது அந்த வயசு. அவ இஷ்டத்துக்கு விடணும், தடுத்தா பின்னால தைரியம் வராது" என்பாள்.

அப்படிச் சொன்ன அன்றைக்கே நான் டீ கலக்கப் போனேன். "நீங்க வேணாம், கை நடுங்குது, நான் ஊத்தித் தரேன்" என்று கெட்டிலை வாங்கிக்கொண்டாள். அன்பாகத்தான் வாங்கினாள். 

வகுப்பில் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்கள். வாழ்க்கையில் எது முக்கியம், எதை முதலில் வைப்பாய், எதைக் கடைசியில் வைப்பாய் என்று வீட்டில் உள்ளவர்களைக் கேட்டு வரவேண்டும். மோகன் தூக்கக் கலக்கத்தில் "முதல்ல தூக்கம், ரெண்டாவது தூக்கம்" என்றார். என்னைக் கேட்டபோது, "நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்" என்றேன்.

"எல்லா அம்மாவும் அதைத்தான் சொல்றாங்களாம். வகுப்பு டீச்சர் அதை ஒதுக்கிட்டுக் கேக்கச் சொன்னாங்க. அது இல்லாம உங்களுக்குன்னு என்ன?"

யோசித்தேன். பதில் நாக்குவரை வந்தது, வெளியே வரவில்லை. "ஒண்ணுமில்லை" என்றேன். அவள் அதையே எழுதிக்கொண்டாள்.

நாக்குவரை வந்த அந்தப் பதில், வெள்ளிக்கிழமை.

வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் அன்னதானம். காலையில் நாலைந்து பேர் கோயில் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து காய்கறி வெட்டுவோம். என்னுடைய அரிவாள்மனை அங்கேயே இருக்கும், வேறு யாரும் தொடமாட்டார்கள். சாமி கும்பிடுவதைவிட எனக்கு அதுதான் பெரிது என்று எழுதினால் பாவமோ என்னவோ. அங்கே பாக்கியம் என்று ஒருத்தி. உம்பாய் என்கிற கடலோர ஊரில் மீன் கடை வைத்திருந்தவள். வெட்டுகிற கை நிற்காமல் ஊர்க்கதை எல்லாம் சொல்லுவாள். நான் பேசமாட்டேன், ஆனால் வயிறு வலிக்கச் சிரிப்பேன். வீட்டில் நான் அப்படிச் சிரிப்பதில்லை. அங்கே நான் யாருக்கும் அம்மா இல்லை, பாட்டி இல்லை. பயத்தங்காயை ஒரே அளவாக வெட்டுகிறவள், அவ்வளவுதான்.

போன வருஷம் கோமதியிடம் உதவிக்கு இருந்த பெண் கல்யாணமாகி ஜொகூர் போய்விட்டாள். அதோடு என் வெள்ளிக்கிழமை நின்றது. ஒரு வாரம்தானே என்று நினைத்தோம். வேறு ஆள் கிடைக்கவில்லை. வாரங்கள் ஓடிவிட்டன. யாரும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் சண்டை போடவும் வழியில்லை.

4

அந்த எட்டுப் படியில் என் ஐந்தாவது எங்கே என்று தேடிப் பார்த்தேன். நான் யார் என்று கேட்கிற வயதில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மலாக்காவிலிருந்து மாப்பிள்ளை வந்திருக்கிறார், ஒரு மாதத்தில் திரும்ப வேண்டும் என்றார்கள். கல்யாணம் முடிந்து கப்பல். வாந்தி எடுத்தது தவிரக் கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இறங்கி வந்து சேர்ந்த இடம் சுங்கை ரம்பாய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஒரே மாதிரி மரம், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரே மாதிரி லயத்து வீடு. முதல் வாரத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குள் போய்விட்டேன். உள்ளே ஒரு அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். "வா, உக்காரு, புதுசா? எல்லாரும் ஒரு தடவை வருவாங்க" என்றாள்.

ஆறாவது படி, மனசு சேர்வது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். இரண்டு பேரும் பேசாமல் இருப்பதிலேயே ஒரு சேர்த்தி இருந்தது. அவர் போய் ஆறேழு வருஷம் ஆகிறது.

விடியுமுன்னே பெரட்டு. பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. அதற்கு முன்னால் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட வேண்டும். கோமதியை அங்கே விட்டுத்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவேன். ஒரு கிழவி, வரிசையாகத் துணித் தொட்டில்கள், ஒரு பெரிய பானையில் பால் கஞ்சி. கதவே கிடையாது, ஒரு கட்டையைக் குறுக்கே போட்டிருப்பார்கள். தவழ்கிற பிள்ளை தாண்டாது, நடக்கிற பிள்ளை தாண்டிவிடும். தாண்டின பிள்ளையை வழியில் போகிற யாராவது தூக்கிக்கொண்டு வந்து போடுவார்கள். இன்றைக்கு அதைத் தாஸ்காக்களைச் சோதிக்க வருகிற அதிகாரியிடம் சொன்னால் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார்.

கோமதியிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். "அங்க வளர்ந்ததாலதாம்மா எனக்கு இந்தத் தொழில் வந்துச்சு" என்றாள். பிறகு, "எனக்கு ஞாபகம் இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இருட்டுல உங்க முதுகு போறது" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைக்கு மூக்கு துடைத்துக்கொண்டே சொன்னாள். நான் பருப்பைக் கழுவப் போய்விட்டேன்.

நான் யார் என்ற கேள்வியை இந்த நாட்டில் ஒருவர் கேட்டார், அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு இன்றைக்கும் சிவப்பு அடையாள அட்டைதான், சிவப்பு ஐ.சி. என்பார்கள். இங்கே தங்கிக்கொள்ளலாம், ஆனால் குடிமகள் இல்லை. குடியுரிமைக்கு மனுப் போட்டு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மலாயில் கேட்டார்கள். பசாருக்குப் போய் மீன் வாங்குகிற மலாய் எனக்கு நன்றாக வரும். நாற்காலியில் உட்காரவைத்து, மேசைக்கு அந்தப் பக்கம் தொப்பி போட்டவர் உட்கார்ந்து கேட்டால் வராது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தெரியும்.  அவர் பொறுமையாக இரண்டு தடவை கேட்டார். நான் மேசை மேலிருந்த பேனாவையே பார்த்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டபோதும் அதே கதைதான். அதற்குப் பிறகு நான் மனுப் போடவில்லை.

5

குரூப்பில் படம் போன பிறகு எனக்குள் ஏதோ ஒன்று உட்காரமாட்டேன் என்றது. இரண்டு நாள் கழித்து, பிள்ளைகள் எல்லாம் தூங்குகிற மதிய நேரத்தில், கோமதி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை காலையில மட்டும் கோயிலுக்குப் போயிட்டு வரட்டுமா?"

"மோகனுக்கு ஷிப்ட்மா. யாரு கொண்டு விடுவா?"

"நடந்து போறேன். எப்பவும் நடந்துதானே போவேன்."

"இப்ப முடியாதும்மா."

"ஏன், நான் விழுந்துருவேனா?"

 தொட்டிலில் ஒரு பிள்ளை சிணுங்கியது. நான் கயிற்றை இழுத்து ஆட்டினேன். கோமதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கில்லம்மா" என்றாள் மெதுவாக. "இத்தனை பிள்ளைக்கு இத்தனை பெரிய ஆளு இருக்கணும்னு சட்டம் இருக்கு. அந்தப் பொண்ணு போனப்புறம் நான் ஒருத்திதான். அதனால உங்களையும் சேர்த்துத்தான் கணக்குக் காட்டியிருக்கேன்."

"என்னையா?"

"உதவியாளர்னு. பொய்யில்லையே? தொட்டில் ஆட்டறீங்க, கஞ்சி ஊட்டறீங்க, கால் கழுவி விடறீங்க. நீங்க வெளிய போன நேரத்துல அதிகாரி வந்தா எனக்கு லைசென்ஸ் போயிரும். வீட்டு லோன் இருக்கு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தேன். சேகருக்குப் போகிற செய்தியில் நான் பார்த்துக்கொள்ளப்படுகிற பிள்ளை. சர்க்காருக்குப் போகிற கணக்கில் நான் பிள்ளை பார்த்துக்கொள்கிற ஆள். ஒன்றில் நான் தனியாக வெளியே போகக்கூடாத அளவுக்குச் சின்னவள், மற்றதில் நான் வெளியே போகவே முடியாத அளவுக்குப் பெரியவள். இரண்டிலும் கதவு பூட்டித்தான் இருக்கிறது.

"அண்ணனுக்கு அனுப்புறியே, அதுல நான் வேலை செஞ்சேன்னு போடறதில்லையே?" என்றேன்.

"அவரு சண்டைக்கு வருவாரும்மா, அம்மாவை வேலை வாங்கறியான்னு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பிள்ளை எழுந்து உட்கார்ந்து எங்களை முறைத்தது.

சிரித்தோமே தவிர, வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோயில் மணி அங்கிருந்து கேட்காது. பாக்கியம் இப்போது பூசணிக்காயைப் பிளந்திருப்பாள், யாரைப் பற்றிப் பேசுகிறாளோ என்று நினைத்துக்கொண்டேன். எட்டாவது படியில் மனசு அடங்கவேண்டும் என்றார்களே, எனக்கு ஏன் அடங்கவில்லை என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது. எழுபது தாண்டியவளுக்கு என்ன ஒரு பயத்தங்காய் ஆசை? யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ஆனால் திரும்பிப் பார்த்து அடங்குவதற்கும் ஒருத்திக்குத் தன்னுடையது என்று ஒரு காலைப்பொழுதாவது இருக்கவேண்டும் அல்லவா? பின்னால் இருந்ததெல்லாம் யாரோ சொல்லி நடந்தது. போ என்றார்கள், கப்பல் ஏறினேன். வெட்டு என்றார்கள், மரம் வெட்டினேன். வெள்ளிக்கிழமை கோயில் அடுப்படிக்கு மட்டும் என்னை யாரும் போகச் சொல்லவில்லை. முதல்தடவை நானாகப் போய் உட்கார்ந்தேன்.

6

அதிகாரி சொல்லாமல்தான் வந்தார். மலாய்க்கார அம்மா, புவான் என்று மரியாதையாகக் கூப்பிடுவோம், நடுவயது, மெல்லிய குரல். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து அடுப்படி, குளியலறை, தொட்டில் கொக்கி எல்லாம் பார்த்தார். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பேசினார். தாரணி அவருடைய பேனாவை வாங்கிக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்றது. கோமதிக்கு நெற்றியெல்லாம் வியர்வை. நான் மூலையில் ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். எப்படியாவது என்னைப் பார்க்காமல் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, கீழே உட்கார்ந்தார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மேசையில்லை, நாற்காலியில்லை. பாயில் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பசாரில் பேசுகிற மாதிரி மலாயில் கேட்டார்.

"மாக் சிக், நீங்கதான் இங்க உதவியா?"

மாக் சிக் என்றால் நம் ஊரில் சின்னம்மா, அத்தை என்கிற மாதிரி. கோமதி வாயைத் திறந்தாள். அதிகாரி அவளைப் பார்த்துக் கையைக் காட்டி, பெரியவங்க சொல்லட்டும் என்றார்.

"ஆமாம்" என்றேன்.

"என்ன வேலை செய்வீங்க?"

சொன்னேன். தொட்டில் ஆட்டுவது, கஞ்சி ஊட்டுவது, ஏப்பம் வரவைப்பது, துணி மடிப்பது. சொல்லச் சொல்ல எனக்கே அது நீண்டுகொண்டு போயிற்று.  தோளில் இருந்த பிள்ளை அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய ஏப்பம் விட்டது. அதிகாரி சிரித்துவிட்டார்.

"களைப்பா இருக்காதா? லீவு எப்போ?"

மரியாதைக்குக் கேட்ட கேள்விதான் அது, சாப்பிட்டீங்களா என்று கேட்கிற மாதிரி. கோமதி எதையோ சொல்லித் தாண்டிவிட இருந்தாள். எங்கிருந்து வந்ததோ தெரியாது, என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை" என்றேன். "வெள்ளிக்கிழமை காலையில."

கோமதி என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையின் முதுகைப் பார்த்தேன்.

"நல்லது" என்றார் அதிகாரி. பிறகு கோமதியிடம் திரும்பி, "அப்போ வெள்ளிக்கிழமை காலையில வேற யாரு?" என்று கேட்டார்.

கோமதிக்கு ஒரு நொடி முகம் வெளுத்துவிட்டது. "ஆள் பாத்துக்கிட்டிருக்கேன், புவான். கிடைக்கற வரைக்கும் அன்னிக்குப் பிள்ளைங்களைக் குறைச்சுக்கறேன்" என்றாள். அதிகாரி தலையாட்டினார். தாரணியிடமிருந்து பேனாவைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு போனார்.

கேட் சாத்தியதும் கோமதி என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏன்மா அப்படிச் சொன்னீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன்" என்றேன்.

அவள் தாரணியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் பயந்துதான் இருந்தேன். வாய் கொடுத்து மகள் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமோ என்று கை கால் ஓடவில்லை.

7

வழி காட்டியது லோகேஸ்வரிதான். அவளுக்கு ஷிப்ட் மாறிமாறி வரும். ஓய்வு நாள் வெள்ளிக்கிழமையில் விழுகிற வாரத்தில் தாரணியோடு வந்து காலையில் இருக்கிறேன் என்றாள். "வீட்ல இருந்தா மாமியார் முகத்தைத்தான் பாக்கணும் டீச்சர். இங்க வந்து பத்துப் பிள்ளை மூக்கைச் சிந்தறது மேல் லா" என்றாள். அவள் வராத வாரங்களில் என் கதவு பூட்டித்தான் இருக்கிறது. ஆக, மாதத்தில் ஒரு வெள்ளி, சில மாதம் அதுவும் இல்லை. என் லீவு ஒரு தொழிற்சாலையின் ஷிப்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. விடுதலை கிடைத்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சேகருக்கு இன்னும் செய்தி போகிறது. நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். நிறுத்தினால் அவன் கவலைப்படுவான் என்றாள். வயிறு சமாசாரத்தை மட்டும் விட்டுவிடுகிறாள்.

முதல் வெள்ளிக்கிழமைக்குப் பாவாடையும் சேலையும் முந்தின நாளே எடுத்து வைத்தேன். லோகேஸ்வரி வந்ததும் கோமதி கழுத்துச் சாவியால் பூட்டைத் திறந்தாள். நான் வெளியே வந்தேன். பிள்ளைகள் ஓடி வந்துவிடும் என்று அவள் உடனே திரும்பப் பூட்டினாள். பூட்டுகிற சத்தத்தை நான் வெளியே நின்று கவனித்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

திரும்பிப் பார்த்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் ஒன்று, காலடியில் ஒன்று. தலை வாரியிருக்கவில்லை. ஐம்பது வயதை நெருங்குகிறாள். காதோரம் முழுக்க வெள்ளை. வீட்டுக்குள்ளேயே இருந்ததால் நான் அதைப் பார்க்கவே இல்லைபோலிருக்கிறது.

"உனக்கு எந்த நாள் லீவு, கோமதி?" என்று கேட்டேன்.

"எனக்கா?" என்றாள். சிரித்தாள். "என்னை யாரும்மா கேட்டாங்க? போங்க, வெயில் ஏறுது. பாத்து ரோடு தாண்டுங்க."

கோயிலில் பாக்கியம் என்னைப் பார்த்ததும், "செத்துட்டேன்னு நினைச்சு உன் அரிவாள்மனையை எடுத்துக்கலாம்னு இருந்தேன்" என்றாள். சிரித்தேன். பயத்தங்காய் ஒரு பெரிய கூடை வைத்திருந்தார்கள். கையெல்லாம் வேலை செய்தது. ஆனால் மனசு பாதி, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம்தான் இருந்தது. சாப்பாடு பரிமாறுவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன்.

செல்வி, இதை அச்சுப் போடுமுன்னே நீ கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். அந்த எட்டுப் படியும் நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டது. வரிசை மாறியிருக்கலாம், மூன்றாவதும் நான்காவதும் எனக்குச் சந்தேகம். உங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் புத்தகம் இருக்கும், பார்த்துத் திருத்திவிடு. இன்னொன்றும் பார். ஏழாவது படியில் இருக்கிறவளுக்கு லீவு நாள் என்று ஏதாவது போட்டிருக்கிறதா என்று தேடிப் பார்த்து எனக்கு எழுது. கோமதியிடம் காட்டவேண்டும்.